அமாலியாவை நீங்கள்தான் கொன்றீர்கள், டீச்சர்

இலோயிலோ,
வியாழக்கிழமை காலை.

கதை வகுப்பு நடத்தும் மதிப்பிற்குரிய ஹெர்மினியா டீச்சர் அவர்களுக்கு, படகுத்துறையில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்று, இப்போது உங்கள் வகுப்பில் கடைசி நாற்காலியில் உட்காரும் பொலிகார்ப்பியோ வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் அருளால் நீங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள். நாங்கள் நலமாக இல்லை. காரணம் நீங்கள்.

நான் ஏன் கதை எழுதக் கற்க வந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். என் மனைவி லூடிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், டாக்டர் கையை விரித்துவிட்டார். மாலையில் ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டினால், அடுத்ததைக் கேட்கவாவது மறுநாள் கண் விழிப்பாள் என்று எனக்கு ஒரு நப்பாசை. நீங்களோ, வாசகருக்கு யார் மேல் பிரியமோ அவளை ஆபத்தில் தள்ளு, அந்த இடத்திலேயே நிறுத்து என்றீர்கள். தள்ளினேன். கதாநாயகி அமாலியா வெள்ளத்தில் போனாள், உடல் கிடைக்கவில்லை, மீதி நாளை. லூடி வாய்விட்டு அழுதாள். எங்கள் வீட்டுச் சுவர் மூங்கில் தட்டி. பக்கத்து வீட்டு சோலெங், எங்கள் சொந்தக்காரி யாரோ போய்விட்டாள் என்று நினைத்து மெழுகுவத்தியோடு ஓடி வந்து, தெருவையே திரட்டி, ஒன்பது நாள் செபத்தைத் தொடங்கிவிட்டாள். அது வெறும் கதை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் முதல் நாள் செபமே முடிந்துவிட்டது.

"கதையோ நெசமோ, ஆரம்பிச்ச செபத்தைப் பாதியில நிறுத்துனா வீட்டுக்கு ஆகாதுண்ணே. காப்பி போடுங்க" என்றாள் சோலெங்.

அன்றிலிருந்து தினமும் காப்பி, பிஸ்கட், சீட்டாட்டம், தரையெங்கும் வேர்க்கடலைத் தோல். செபம் முடியும்வரை அடுத்த அத்தியாயமும் கூடாதாம். துக்க வீட்டைக் கூட்டினால் இன்னொரு உயிரையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும் என்று சோலெங் துடைப்பத்தைப் பரணில் ஒளித்துவைத்தாள். நேற்று பொறுக்க முடியாமல் அதை எடுத்தேன். லூடி சிரித்தாள்.

"வச்சிடுங்க. இந்த வீட்டுல அடுத்த ஆள் யாருன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அமாலியாவுக்கு எவ்வளவு கூட்டம் பாத்தீங்களா? எனக்கு இவ்வளவு பேர் வருவாங்களா?" என்று கேட்டாள்.

இன்று ஒன்பதாம் நாள். கடைசி அத்தியாயத்துக்காகத் தெருவே காத்திருக்கிறது. அமாலியாவைக் கரையேற்றலாம் என்றால், போனவள் பிழைத்து வந்தால் வாசகர் நம்பமாட்டார் என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தீர்கள். சரி, சாகடிக்கலாம் என்றால், "நல்லா சாகடிங்க, எப்படி இருக்கும்னு நானும் தெரிஞ்சுக்கறேன்" என்கிறாள் லூடி. அதை எழுத எனக்குக் கை வருமா? ஆகையால் டீச்சர், இனி நான் கதை எழுதப்போவதில்லை, வகுப்புக்கும் வரப்போவதில்லை. என் நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மாணவர்கள் நீடூழி வாழட்டும், அவர்கள் எழுதும் ஆட்களும் வாழட்டும் என்று வேண்டும்,
பொலிகார்ப்பியோ.

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடும் முன்பே, மதியம் லூடி போய்விட்டாள். யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அமாலியாவுக்கு வந்ததைவிடப் பெரிய கூட்டம். சாயங்காலம் சோலெங் கடைசி அத்தியாயத்தை வாசிக்கச் சொன்னாள். லூடியின் பக்கத்தில் உட்கார்ந்து அவசரமாக எழுதி, அமாலியா கரையேறி, பாவாடையைப் பிழிந்துகொண்டு வீட்டுக்கு நடந்து வந்ததாக வாசித்தேன். ஒருவரும் சந்தேகப்படவில்லை. அடக்கம் முடிந்ததும் வகுப்புக்கு வருகிறேன், நாற்காலியைக் கொடுத்துவிடாதீர்கள். நேற்று அவள் சொன்னதும் துடைப்பத்தை வைத்துவிட்டேன் டீச்சர். ஒரு தோலைக்கூடக் கூட்டவில்லை.