தேத்தண்ணிக்குக் கீழே இருந்த மூடி

அன்று அந்த மேசையில் நான் இருந்தேன். பக்கத்தில் என் மனைவி புஷ்பா. எதிரே சிவலிங்கத்தார். அவருக்குப் பக்கத்தில் பரிமாற நின்ற யப்பான்காரப் பிள்ளை. இருக்க வேண்டிய இரண்டு பேர் இல்லை. ஒன்று என் மகள் துளசி, மற்றது அவள் கட்ட நினைத்த ரமணன். அவர்கள் வந்த ரயில் வழியில் நின்றுவிட்டது.

சிவலிங்கத்தார் ரமணனின் தகப்பன். கலியாணத்துக்கு இன்னும் ஓம் சொல்லவில்லை. எங்களைப் பார்த்த பிறகுதான் சொல்வாராம்.

சுவிசில் நாங்கள் இருப்பது துன். அவர் ஊஸ்டர். யார் வீட்டுக்கு யார் முதலில் போவது என்று பிரச்சினை வரும். அதனால் பிள்ளைகள் நடுவில், ஆராவில், ஒரு யப்பான் நூடில்ஸ் கடையைப் பிடித்தார்கள். சாப்பாடு சிவலிங்கத்தாரின் பொறுப்பு.

துளசி போன் எடுத்தாள். "அப்பா, நீங்கள் தொடங்குங்கோ. மாமாவுக்கு முன்னாலை என்ரை மானத்தை மட்டும் வாங்கிப் போடாதேங்கோ."

"ஓம்" என்றேன்.

பரிமாறும் பிள்ளை ஜெர்மன் பாஷையில் நீளமாக என்னவோ விளக்கினாள். நான் "யா, யா" என்றேன். (இருபது வருசம் ஹோட்டல் குசினியில் இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் வேலை செய்தேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.) நான் தலையாட்ட, சிவலிங்கத்தாரும் ஆட்டினார்.

"என்னவாம்?" என்று புஷ்பா கேட்டா.

"சாப்பிடட்டாம்."

புஷ்பா சூப் எடுத்தா. கெட்டிக்காரி. எனக்கும் சிவலிங்கத்தாருக்கும் ஆளுக்கொரு சின்னக் கோப்பையும் மூடியும் வந்தன. கோப்பையில் ஒரு வாய் நூடில்ஸ். ஒரு வாய்க்கு எதற்கு மூடி? தேத்தண்ணிக் கிளாசுக்குக் கீழே வைத்தேன். அவரும் வைத்தார்.

சாப்பிட்டேன். கோப்பையைக் கீழே வைக்கவில்லை, பரிமாறும் பிள்ளை இன்னொரு சின்னக் கோப்பையிலிருந்து அடுத்த வாயைப் போட்டுவிட்டு, அந்த வெறும் கோப்பையை மேசையில் அடுக்கினாள். அதையும் சாப்பிட்டேன். போட்டாள்.

இருபதாவது கோப்பையில் வயிறு நிறைந்தது. நம்முடைய பந்தியில் செய்வது போல் கையால் கோப்பையை மறைத்தேன். அவள் சிரித்தபடி நின்றாள். மூக்கு கடித்தது. சொறியக் கையை எடுத்தேன். போட்டாள்.

வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் அவர் தரும் சாப்பாட்டை வேண்டாம் என்றால், சம்பந்தமே வேண்டாம் என்ற மாதிரி. மிச்சம் விட்டால் அதைவிட மோசம். துளசியை நினைத்தேன். விழுங்கினேன்.

எதிரே சிவலிங்கத்தாருக்கு வேர்த்து ஊற்றியது. அவரும் நிறுத்தவில்லை.

"அண்ணை, வெக்கப்படாமச் சாப்பிடுங்கோ" என்றார்.

"நீங்களும்" என்றேன்.

சம்பந்தப் பேச்சு அவ்வளவுதான்.

புஷ்பா மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினா. "என்னப்பா, ஒரு கிழமையா சாப்பிடாத ஆள் மாதிரி?"

பதில் சொல்ல வாயில் இடமில்லை. பெல்டைக் கழற்றினேன். மேல் பட்டனையும் கழற்றினேன்.

அப்போதுதான் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். துளசி கோப்பை அடுக்கைப் பார்த்தாள்.

"ஐயோ அப்பா! மூடி எங்கை? மூடினாத்தானே நிப்பாட்டுவினம்!"

"தேத்தண்ணிக்குக் கீழை."

கிளாசைத் தூக்கி மூடியை எடுத்து மூடினாள். ரமணன் தகப்பனுடையதை மூடினான். பரிமாறிய பிள்ளை குனிந்து கும்பிட்டாள். அவளுக்கும் களைத்துப் போயிருக்கும்.

சிவலிங்கத்தார் மூச்சு விட்டார். "விருந்தாளி நிப்பாட்ட முந்தி நான் எப்பிடி நிப்பாட்டுறது? நீங்கள் நிப்பாட்டுவியள் எண்டு பாத்தன் அண்ணை."

"நானும் உங்களைத்தான் பாத்தனான்."

அவர் எழும்பிக் கை நீட்டினார். நானும் எழும்பினேன். வலது கையால் கை கொடுத்தோம். இடது கையால் இரண்டு பேரும் காற்சட்டையைப் பிடித்திருந்தோம். அவரும் கழற்றித்தான் இருந்திருக்கிறார்.

"மாமா, அப்ப ஓமோ?" என்று துளசி கேட்டாள்.

"ஓம் பிள்ளை. இனி இன்னொரு சம்பந்தப் பகுதியோடை இருந்து சாப்பிட எனக்கு ஏலாது."

கடைப் பிள்ளை வெறும் கோப்பைகளை எண்ணி ஆளுக்கொரு துண்டு எழுதித் தந்தாள். அவருடையதில் அறுபது.

கலியாணம் நடந்தது. இன்றும் விசேசமென்றால் துளசி என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சட்டி மூடி வைப்பாள். சிவலிங்கத்தார் போன் எடுத்தால் சுகம் கேட்பதில்லை. "அண்ணை, எத்தினை?" என்றுதான் கேட்பார்.

நான் சொல்வேன்.

அறுபத்தொன்று.