பழுது பார்த்தாச்சு

மனித நாகரிகம் தன் உச்சியை எங்கே தொட்டது என்று அறிஞர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். எங்கள் தெருவிலிருந்து இடது பக்கம் திரும்பி, பெட்ரோல் பங்கைத் தாண்டியதும் வருகிற வாகன நல மையத்தில்தான் தொட்டது. தொட்ட இடத்தில் ஒரு சோபாவும் போட்டிருக்கிறார்கள்.

அதை 'ஒர்க் ஷாப்' என்று சொன்னால் அங்கே இருப்பவர்களின் மனம் புண்படும். ஒர்க் ஷாப்பில் சத்தம் இருக்கும், தரையில் எண்ணெய் இருக்கும். இங்கே மெல்லிய இசை இருக்கிறது, குளிர் இருக்கிறது, காபி தரும் இயந்திரம் இருக்கிறது. வண்டிகளைப் பழுது பார்க்கும் கூடத்தை வாடிக்கையாளர் நேரில் காணட்டும் என்று பெரிய கண்ணாடிச் சுவர் கட்டியிருக்கிறார்கள். வாடிக்கையாளருக்குக் கண் கூசக் கூடாதே என்று அதற்குத் திரையும் போட்டிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட இடத்துக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்த பெருமை எங்கள் காரின் பிரேக்கையே சேரும்.

கார் என் பெயரில் இருக்கிறது. ஓட்டுவது என் மனைவி. முழங்கால் வலிக்கு உடற்பயிற்சி சிகிச்சை எடுத்துக்கொள்ளும் என் மாமியாரை அவள்தான் மருத்துவமனைக்கு அழைத்துப் போய் வருவாள். மருத்துவமனை ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. திரும்பி வரும்போது நல்ல இறக்கம். இறக்கம் முடிகிற இடத்தில் பஸ் போகிற பெரிய சாலை. ஒரு நாள் அவள் வீட்டுக்குள் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“பிரேக் தரை வரைக்கும் இறங்குதுங்க. திரும்பத் திரும்ப மிதிச்சாத்தான் கொஞ்சமாவது பிடிக்குது. மூக்குக்கு முன்னாடி பஸ் போச்சு. இன்னும் கொஞ்சம் உருண்டிருந்தா அம்மாவோட முழங்காலுக்கு வைத்தியமே தேவைப்பட்டிருக்காது.”

சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சாவிக்கொத்தை என் கையில் திணித்தாள்.

நான் உடனே செயலில் இறங்கினேன். மையத்தில் என்னை வரவேற்றவர் 'வாடிக்கையாளர் உறவு அதிகாரி'. டை கட்டியிருந்தார். என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். என் சொந்தத் தம்பி அப்படிப் பிடித்ததில்லை.

“பிரேக் சரியில்ல” என்றேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “சார், அந்த வார்த்தை இங்க வேண்டாமே. மத்த கஸ்டமருங்க பயந்துடுவாங்க. நாங்க 'நிறுத்த அனுபவம்'னு சொல்வோம்.”

“சரி. என் நிறுத்த அனுபவம் நிக்க மாட்டேங்குது.”

“அருமையா விளக்கினீங்க சார். உங்களுக்கு வேண்டியது முழுப் பாதுகாப்பு மேம்பாடு.”

மேம்பாடு என்கிற சொல்லுக்குள் ஒரு 'பாடு' ஒளிந்திருப்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. அவர் அடுக்கிக்கொண்டே போனார்: நாலா பக்கமும் கேமரா, அபாயத்தை முன்கூட்டியே சொல்லும் பெண் குரல், கதவுக்கடியில் நீல விளக்கு.

“விபத்து நடந்தா வண்டியே மருத்துவமனைக்கு போன் பண்ணிடும் சார்.”

“நாங்க போறதே மருத்துவமனைக்குத்தான்.”

“அப்ப இன்னும் வசதி சார்!”

அந்தத் தர்க்கத்தின் முன் நான் தலைவணங்கினேன். இருந்தாலும் பொறுப்புள்ள குடும்பத் தலைவன் என்ற முறையில், “அந்த அனுபவத்தையும் பழுது பார்த்துடுவீங்கல்ல?” என்று கேட்டேன்.

“கண்டிப்பா பார்ப்போம் சார்” என்றார். பின்னால் நான் விசாரித்த வரையில் அவர் பொய் சொல்லவில்லை.

கார் திரும்பி வந்தபோது கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி இருந்தது. மாமியாரைப் பின் சீட்டில் ஏற்றினோம். கதவைச் சாத்தியதும் குரல் பேசியது: “வணக்கம். நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். ஓட்டுநர் சற்றுக் களைப்பாகத் தெரிகிறார்.”

“பாருங்க மாப்பிள்ளை, எம்பொண்ணு களைச்சுப்போயிருக்கான்னு இந்தப் புள்ளைக்காவது தெரியுது” என்றார் மாமியார்.

என் மனைவி வண்டியை நகர்த்தும் முன் பிரேக்கை ஒரு மிதி மிதித்தாள். அது எந்த ஆட்சேபமும் இல்லாமல் தரையில் போய்ப் படுத்துக்கொண்டது. எஞ்சினை அணைத்தாள்.

“இறங்கும்மா. டாக்ஸியில போய்க்கலாம்.”

“ஏண்டி, விளக்கெல்லாம் எரியுதே?”

“விளக்கு எரியுதும்மா. வண்டி நிக்காது.”

மறுநாள் அவளே காரை மையத்துக்கு ஓட்டினாள். ஒரு கையை ஹேண்ட் பிரேக்கில் வைத்துக்கொண்டு, சமதளமான தெருக்களாகத் தேர்ந்தெடுத்து, நடை வேகத்தில். உடம்பு குறைய நடந்துகொண்டிருந்த ஒருவர் எங்களை முந்திப்போனார். “முன்னால் பாதசாரி” என்று குரல் எங்களை எச்சரித்தது.

டை கட்டியவர் வாசலுக்கே ஓடி வந்தார். “வாங்க மேடம்! நான் உங்க உறவு அதிகாரி.”

“உறவுன்னா எந்த வழியில? எங்கப்பா பக்கமா, இவர் பக்கமா?”

அவர் சிரித்துச் சமாளித்தார்.

“பழுது பார்த்தீங்களா?” என்று கேட்டாள்.

“பார்த்தாச்சு மேடம்.”

“பார்த்துட்டு என்ன செஞ்சீங்க?”

“பார்த்துட்டு...” அவர் கூரையைப் பார்த்தார். “நிறுத்த அனுபவத்தோட பேடை மாத்திட்டோம். பில்லுலயே போட்டிருக்கோமே.”

சோபாவுக்கு மேலே, தங்கச் சட்டம் போட்டு, 'வாடிக்கையாளர் உரிமைகள்' மாட்டியிருந்தது. உரிமைகள் உயர்ந்தவை என்பதால் ஆள் உயரத்துக்கும் மேலே மாட்டியிருந்தார்கள். என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு சோபாவின் மேல் ஏறி நின்றாள். காத்திருந்தவர்கள் எல்லாரும் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். அவள் உரக்கப் படித்தாள்: “'மாற்றப்பட்ட பழைய பாகங்களைக் கேட்டுப் பெற வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.' சரி, என் பழைய பிரேக் பேடைக் குடுங்க.”

“மேடம், அது வந்து... அலங்காரத்துக்காக மாட்டினது.”

“அலங்காரம்னா பூ வரைஞ்சு மாட்டியிருக்கணும். எழுதி மாட்டினா படிப்பாங்க.”

உடனே அவசரக் கூட்டம் கூடியது. கூட்டங்களில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். அப்படி ஒரு கூட்டத்தைக் கண்டதில்லை. மேலாளர், உறவு அதிகாரி, 'மகிழ்ச்சி ஒருங்கிணைப்பாளர்' என்கிற அம்மணி, மூவரும் கண்ணாடி அறைக்குள் பலகையில் அம்புக்குறிகள் போட்டார்கள். பழைய பேடை எங்கே தேடுவது என்பதைப் பற்றி அல்ல, 'பழைய' என்பதை எப்படிப் பொருள்கொள்வது என்பதைப் பற்றியே விவாதம் நடந்ததாகப் பின்னர் அறிந்தேன்.

இறுதியில் மேலாளரே ஒரு பெட்டியுடன் வந்தார். ரிப்பன் கட்டியிருந்தது. என் மனைவி பிரித்து, உள்ளே இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது ஸ்கூட்டரோடது சார். கல்யாணத்துக்கு முன்னாடி நான் ஸ்கூட்டர்தான் வச்சிருந்தேன்.”

மேலாளர் நெஞ்சில் கைவைத்தார். “எங்களுக்கு எல்லா வாடிக்கையாளரும் சமம் மேடம்.”

சமத்துவத்துக்காக உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. வாடிக்கையாளரின் உயிரைக் கொடுக்க முன்வந்தவரை அன்றுதான் பார்த்தேன்.

“சரி சார். நீங்க சொல்றத நம்புறேன்” என்றாள் என் மனைவி. “வந்து முன் சீட்டுல உக்காருங்க. உங்க இடத்துக்குள்ளயே ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்.”

இத்தனை பேர் பார்க்கும்போது மேலாளரால் எப்படி மறுக்க முடியும்? ஏறினார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். கூடத்திலிருந்து வண்டி கழுவும் இடத்துக்குச் சின்னதாக ஒரு சரிவு. கடைசியில் பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கார் சரிவில் மெதுவாக உருளத் தொடங்கியது.

“நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்” என்றது குரல்.

என் மனைவி பெடலை மிதித்தாள். கார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. டயர்கள் எங்களை நோக்கி வந்தன.

“பிரேக்! மேடம், பிரேக்! பிரேக்கப் போடுங்க!”

“ஐயோ சார், அந்த வார்த்தையை இங்க சொல்லக் கூடாதாமே” என்றபடி ஹேண்ட் பிரேக்கை வெடுக்கென்று இழுத்தாள். டயர் அடுக்குக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது.

மேலாளர் கதவைத் திறந்து வெளியே பாய்ந்தார். அவர் கட்டியிருந்த டை தோளின் மேல் கிடந்தது. “இந்த வண்டிய எவன்யா வெளிய விட்டது? ஆள் ஏறுற வண்டியா இது?” என்று கத்தினார். காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

ஜெயித்த சந்தோஷம் என் மனைவியிடம் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். “இதுலதான் சார் எங்கம்மா உக்காந்து வர்றாங்க” என்றாள். 

மெக்கானிக் ஒருவர் வந்தார். கையெல்லாம் கருப்பு. அந்த மையத்தில் அழுக்கான ஒரு கையை அப்போதுதான் பார்த்தேன். காருக்கடியில் படுத்து எழுந்தார். “அன்னைக்கே சொன்னேன்க்கா, சக்கரத்துக்குப் போற குழாய்ல பிரேக் ஆயில் ஒழுகுதுன்னு. முதல்ல நீல விளக்க மாட்டுன்னுட்டாங்க.”

குழாயை மாற்ற ஒரு காபி குடிக்கும் நேரம்தான் ஆனது. இம்முறை பழைய குழாயை ரிப்பன் இல்லாமல் கொடுத்தார்கள். என் மனைவி அதே சரிவில் ஓட்டிப் பார்த்தாள். மிதித்த இடத்தில் நின்றது. மிதிக்காத இடத்தில் ஓடியது. இவ்வளவுதான் அவள் முதலிலிருந்து கேட்டது.

அந்த வாரமே உறவு அதிகாரி வீட்டுக்கு வந்தார். “மையத்தோட ஆண்டு விழா சார். உங்களுக்கு 'முன்மாதிரி வாடிக்கையாளர்' விருது. மேடை, மைக், எல்லாம் உண்டு. மேடம் மட்டும் நுகர்வோர் மன்றத்துக்குப் போகாம இருந்தா...”

உள்ளேயிருந்து பதில் வந்தது: “அவர் மேடைக்கு வருவார். நான் மன்றத்துக்குப் போறேன். ஆளுக்கொரு வேலை.”

நான் போனேன். மேடை என்றால் எனக்குக் கால் தரையில் பாவாது. வாடிக்கையாளர்கள் வண்டிகளை சர்வீசுக்கு விட்டு, சாவியைக் கொடுத்த கையோடு விழாவிலும் உட்கார்ந்திருந்தார்கள். பாராட்டுரை என் சட்டைப் பையில் தயாராக இருந்தது. மேலாளர் வேர்த்து விறுவிறுத்து, பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தார்.

“என்ன சார், உங்க கார் எங்க?” என்று விசாரித்தேன்.

“சர்வீசுக்கு விட்டிருக்கேன் சார்.”

“உள்ளதான் நிக்குதா? பார்க்கவே இல்லையே.”

“இங்கயா?” அவர் திடுக்கிட்டார். பிறகு என் தோளில் கை போட்டு, உண்மையான உறவினர் போல, காதோடு சொன்னார்: “சேச்சே. அது பொண்டாட்டி புள்ளைங்க போற வண்டி சார்.”

என்னை அழைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். எழுதிக்கொண்டு வந்த தாளை வெளியே எடுக்கவில்லை. மைக்கைப் பிடித்துச் சொன்னேன்:

“பெரியோர்களே! இந்த மையத்தின் தரத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர் நம் மேலாளர்தான். அவருடைய கார் எங்கே சர்வீசுக்கு நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்று அவரையே கேளுங்கள். அதைவிடச் சிறந்த பாராட்டை என்னால் சொல்ல முடியாது.”

கூட்டம் எழுந்து நின்று கைதட்டும் என்று எதிர்பார்த்தேன். எழுந்து நின்றது. எல்லாரும் அவரவர் சாவியைக் கேட்டார்கள்.