கரணைப் பிடியால் மூன்று தட்டு

இந்தக் காலத்தில் ஒருவன் சும்மா வந்து நலம் விசாரித்தால் நம்பவே கூடாது. முன்பெல்லாம் சண்டை போடுவதற்காவது நேரே வந்து நின்றார்கள். இப்போது எல்லாரும் சிரித்துக்கொண்டே வருகிறார்கள். மேஸ்திரியின் தீர்மானம் இது. காரணம், பக்கத்து வீட்டு நர்ஸம்மா.

காலை ஆறு அடித்து மூன்று நிமிஷம் ஆகவில்லை, அழைப்பு மணி அலறியது.

"தாத்தா, சர்க்கரை இருக்கா?"

"நேத்துதானே குடுத்தேன்?"

"தீந்து போச்சு தாத்தா. நல்லா தூங்கினீங்களா?"

முந்தாநாள் தீப்பெட்டி. அதற்கு முன்பு மணி என்ன என்று கேட்க வந்தாள், கையில் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு! கேட்டதை வாங்குவதைவிட அவர் முகத்தை உற்றுப் பார்ப்பதில்தான் அவளுக்கு அக்கறை.

மேஸ்திரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. பூங்காவைப் பார்த்த மாடி வீடு. சுற்றிலும் பழைய ஆட்கள் ஒவ்வொருவராக விற்றுவிட்டுப் போக, புது ஆட்கள் வந்து இரண்டு வீட்டை இடித்து ஒன்றாக்கிக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் கடை இருந்த இடத்தில் இப்போது நாய்க்கு முடி வெட்டுகிறார்கள். இவளுக்கும் அந்த ஆசைதான். கிழவன் எப்போது கண்ணை மூடுவான் என்று தினம் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள்.

ஆதாரமும் இருந்தது. மகள் அவரை இரண்டு மாதம் தன்னோடு வைத்துக்கொண்டு, இந்த வீட்டைப் புதுப்பித்துக் கொடுத்திருந்தாள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத தரை, வாசலுக்குப் புதுக் கதவு, பூங்கா மரங்கள் முழுசாகத் தெரியும் சன்னல். எல்லாம் நன்றாகவே இருந்தன. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நர்ஸம்மா வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஈரம் ஏறிக் கிடந்த பொதுச் சுவரை இடித்துப் புதுசு வைத்திருந்தார்கள். நாற்பது வருஷம் கொத்து வேலை பார்த்தவர் சும்மா விடுவாரா? பூச்சுக் கரணையின் பிடியால் மூன்று தட்டுத் தட்டிப் பார்த்தார். உள்ளே செங்கல்லே இல்லை, வெறும் பலகை! ஓங்கி ஓர் உதை விட்டால் இரண்டு வீடும் ஒன்றாகிவிடும். அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு, சுவர் இன்னும் நிற்கிறதா என்று தட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

மகளிடம் போனில் கத்தினார். "பலகைய வெச்சு ஏமாத்திட்டான் உன் கான்ட்ராக்டர்!"

"தினமும் காலைல ஒரு போன் பண்ணுங்கப்பான்னா பண்றதில்ல. சுவரைப் பத்தின்னா மட்டும் கூப்பிடறீங்க."

"உசிரோட இருக்கேன்னு தினம் கையெழுத்துப் போட நான் என்ன ஜாமீன்ல வந்தவனா?"

"அப்ப இங்கயே வந்துடுங்க."

"இந்த வீட்டை விட்டு என்னை நாலு பேர் தூக்கிட்டுத்தான் போகணும்!"

அந்தக் கோபத்தில் மறுநாள் பத்துத் தட்டுத் தட்டினார். நர்ஸம்மா தலைகூட வாராமல், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு ஓடி வந்தாள்.

"தாத்தா! என்னாச்சு?"

"சர்க்கரை இல்ல!" என்று கதவைச் சாத்தினார்.

மணி அடிக்கிறவள் நாளைக்குக் கள்ளச்சாவி போட மாட்டாள் என்று என்ன நிச்சயம்? மத்தியானமே கதவுக்கு வேறு பூட்டு மாட்டிவிட்டார். அதிலும் நிம்மதி வரவில்லை. அடுத்த நாள் அவள் முகத்தில் விழிக்கவே கூடாதென்று, சுவரைத் தட்டாமல், ஐந்தரைக்கே பூங்காவுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

ஆறரைக்கு நிமிர்ந்து பார்த்தால், அவர் வீட்டுச் சன்னலில் இரண்டு தலைகள்!

"அடப் பாவிங்களா, இடிக்க ஆரம்பிச்சுட்டாங்க!"

மூச்சிரைக்க மாடியேறினார். புதுக் கதவு தரையில் கிடந்தது. கடப்பாரையோடு கான்ட்ராக்டர் நின்றார். கீழ் வீட்டு வேலைக்கு வந்தவராம். நர்ஸம்மா மேஸ்திரியைக் கண்டதும் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் கையில் அவருடைய பழைய பூட்டின் சாவி.

"என் வீட்டுச் சாவி உனக்கு ஏது?"

மேஸ்திரி கான்ட்ராக்டரிடம் திரும்பினார். "கதவு எத்தனை இடியில வந்துச்சு?"

"ஒரே இடிதான்."

"பாத்தியா! சுவரும் போலி, கதவும் போலி!"

கான்ட்ராக்டர் கடப்பாரையைக் கீழே வைத்தார். "மேஸ்திரி, நான் செங்கல்தான் வெக்கிறேன்னேன். உங்க பொண்ணுதான் கேக்கல. 'எங்கப்பா போன் பண்ண மாட்டாரு, ஆனா புதுச் சுவரைக் கண்டா தினம் தட்டாம இருக்க மாட்டாரு. பக்கத்து வீட்டம்மா காதுல விழற மாதிரி பலகையில போடுங்க'ன்னாங்க. தட்டினதும் உங்க முகத்தைப் பாத்துட்டு வர, தட்டலன்னா தெறந்து பாக்க, இந்தம்மாகிட்ட சாவியும் குடுத்திருக்காங்க."

மேஸ்திரி நர்ஸம்மாவின் தலையில் கை வைத்தார்.

"எழுந்திரும்மா. சர்க்கரை டப்பா உள்ளதான் இருக்கு, எடுத்துக்க."

"வேணாம் தாத்தா," அவள் மூக்கை உறிஞ்சினாள். "வீட்ல நாலு டப்பா சேந்துடுச்சு."

மேஸ்திரி உள்ளே போய்க் கரணையை எடுத்தார். மூன்று தட்டுத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

"இருந்தாலும் செங்கல்லயும் கேக்கும். தட்டத் தெரியணும்," என்றார். கதவில்லாத வீட்டை அவளிடம் விட்டுவிட்டு, மறுபடியும் பூங்காவைப் பார்த்து நடந்தார்.