பெரணி சொன்ன தீர்ப்பு

ஊரில் டாக்டர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். கூட்டமெல்லாம் தளிர்ஞானி வீட்டில்தான். படிக்கட்டு முழுக்கச் செருப்பு. ஞானி கை பார்ப்பதில்லை, கட்டம் போடுவதில்லை. வீட்டுக்கு வந்து அறைக்கொரு தொட்டிச் செடியைத் தானே தேர்ந்தெடுத்து வைப்பார். செடி தழைத்தால் அங்கே படுப்பவர் புண்ணியவான். வாடினால் பீடை. பீடைக்கு ஒரு பாட்டில் பச்சைத் தண்ணீர், காசுக்கு. அதற்கும் அடங்காவிட்டால் ஆளையே வீட்டைவிட்டு அனுப்பிவிட வேண்டும். எவ்வளவு சுலபமான விஞ்ஞானம்!

அப்படி ஒரு வீட்டில், மாமியார் படுக்கும் வெயில் படாத பின்னறையில் மணிபிளான்ட் கொடி அலமாரியிலிருந்து தரைவரை தொங்கியது. அம்மாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. மருமகளின் அறையில், மேற்கு ஜன்னலோரம் ஞானி வைத்த, இறகு மாதிரி இலை விரியும் பெரணிச் செடியோ சருகாகிவிட்டது. பச்சைத் தண்ணீர் ஊற்றியும் பிழைக்கவில்லை. மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடச் சொன்னார் ஞானி. கூடத்தில் படுக்கும் மகன் ஒரு பிள்ளைப்பூச்சி. செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மருமகள் பஸ் கண்டக்டர். நாள் முழுக்க நெரிசலில் வாய் கொடுத்துப் பழகியவள். ஆனாலும் அன்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அத்தை, ஒரு வாரம் நீங்க என் ரூம்ல படுங்க. நான் உங்க ரூம்ல படுக்கறேன். ஐயாகிட்டயே புதுப் பெரணி வாங்கி அதே ஜன்னல்ல வைப்போம். அது தழைச்சா நானே பெட்டியைக் கட்டறேன்."

"நான் படுத்தா பட்ட மரமே துளிர்க்கும்டி!" என்றாள் மாமியார்.

துளிர்க்கவில்லை. அம்மாள் வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றினாள், கொஞ்சினாள், கடைசியில் கெஞ்சினாள். பெரணி நுனியில் கருகி, கொத்தோடு பொடிந்தது. பின்னறையில் அந்த வெட்கங்கெட்ட கொடியோ, பீடை என்று பெயர் வாங்கியவளின் தலைமாட்டிலேயே புது இலை விட்டது. அம்மாள் கொடியையும் பெரணியையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்படியென்றால் பீடை நானா?

மருமகளையும் இழுத்துக்கொண்டு ஞானியிடம் ஓடினாள். கருகிய பெரணித் தொட்டியை மட்டும் நீட்டினாள்.

ஞானி கண்ணை மூடித் திறந்தார். "அதே ஜன்னல்தானே? நான்தான் அப்பவே சொன்னேனே! அந்த ரூம்ல படுக்கிறது குடியைக் கெடுக்க வந்த பீடை. இன்னிக்கே வெளியே அனுப்பு!"

"நான்தாங்க படுத்தேன்" என்றாள் மாமியார்.

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்கத் தெரியாமல் இருமினார்கள்.

"அது வந்து... உன் மருமக மூச்சு சுவத்துல ஒட்டியிருக்கும்மா."

அம்மாள் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு சாமியாரைக் குறுக்குக் கேள்வி கேட்டாள். "அப்ப அவ என் ரூம்ல படுத்தப்போ கொடி ஏங்க புது இலை விட்டுச்சு?"

ஞானி அடுத்த ஆளைக் கைகாட்டி அழைத்தார். அவர் நாற்காலிக்குப் பின்னால், ஈரமான இருட்டு மூலையில், அவருடைய சொந்தப் பெரணி மதமதவென்று வளர்ந்திருந்தது. மருமகள் அதைப் பார்த்தாள்.

"ஐயா பக்கத்துல இருந்தா எந்தச் செடியும் வாடாதுல்ல?"

"ஒருநாளும் வாடாது!"

"அப்ப இது இன்னிக்கு ஜன்னல்ல இருக்கட்டும். நீங்களும் பக்கத்துலயே உக்காருங்க." தொட்டியைத் தூக்கிக்கொண்டு வெயில் கொளுத்தும் ஜன்னலை நோக்கி நடந்தாள்.

ஞானி துள்ளி எழுந்தார். "ஏய், வெயில்ல வைக்காதே! அது நிழல்ல வளர்ற ஜாதி, கருகிடும்!"

ஞானிக்கு, தான் சொன்னது தன் காதில் விழக் கொஞ்சம் நேரமானது.

"அடப்பாவி!" என்றாள் மாமியார். "இது தெரிஞ்சேதான் எங்க மேற்கு ஜன்னல்ல வச்சியா? ஒரு குடும்பத்தையே பிரிக்கப் பார்த்தியே!" மருமகளின் கையைப் பிடித்தாள். "வாடி, நம்ம வீட்டுக்குப் போவோம்."

கூட்டம் செருப்பைத் தேடியது. ஒருவர் மட்டும், பச்சைத் தண்ணீர் இனிமேல் கிடைக்குமா என்று கவலையோடு விசாரித்தார்.

செடிக்கு மூளை கிடையாது. ஆனாலும் ஆகாத இடத்தில் வைத்தால் வாடிக் காட்டிவிடுகிறது. மூளை இருக்கிற நாம்தான் கண்டவன் காலடியில் வேர்விட்டு உட்கார்ந்திருக்கிறோம். எழுந்து நின்று, "ஏன்?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், நீங்கள் ஒன்றும் கருகிவிட மாட்டீர்கள்.