நான் மாட்டிய இரண்டாவது ஸ்பீக்கர்

தெரியாத விஷயத்தில் மூக்கை நுழைத்து அவமானப்படுவது ஊர் வழக்கம். நான் தெரிந்த விஷயத்திலேயே தலைகுப்புற விழுந்தவன். பிளஸ் டூ இயற்பியல் வாத்தியார். ஓர் அலையின் முகடும் இன்னோர் அலையின் அகடும் சந்தித்தால் இரண்டும் அடங்கிப்போகும் என்று வருஷாவருஷம் தொண்டை வறளக் கத்துகிறவன். (பிள்ளைகள் தூங்குவார்கள், அது வேறு.)

துடியலூரில் மாமனாரின் முப்பதாம் நாள் ஜெபம். ஆஸ்பத்திரியில் அவர் மாமியாருக்கென்று கடைசியாகப் பேசிய வாய்ஸ் மெசேஜ் என் மனைவியின் போனில் இருந்தது. அதுவரை கேட்க மறுத்த அத்தை, அன்று மனதைத் தேற்றிக்கொண்டு, "ஃபாதர் ஜெபம் முடிச்சதும் போடுங்க மாப்ள" என்றார். இதற்கெல்லாம் எதற்குத் தனியாக ஆள் என்று, பந்தலின் இரண்டு மூலைகளிலும் ஸ்பீக்கர்களை நானே மாட்டினேன். மரியாதைக்காக அத்தையின் நாற்காலியை நட்டநடுவில் போட்டதும் நானே.

மெசேஜ் ஓடியது. இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் விம்மினார்கள். அத்தை மட்டும் திருதிருவென்று விழித்தார்.

"போட்டுட்டீங்களா மாப்ள? எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே?"

சத்தத்தைக் கூட்டி மறுபடி போட்டேன். ஓரங்களில் அழுகைதான் கூடியது.

"எல்லார்த்துகிட்டயும் பேசறாரு, எங்கிட்ட மட்டும் பேசமாட்டீங்கறாரு. கஞ்சி குடிக்கலீன்னு அன்னிக்கு வஞ்சுபோட்டனுங்க. அந்தக் கோவந்தான்" என்று அத்தை உடைந்து அழுதார்.

ஸ்பீக்கர்களின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் ஒயர்களை மாற்றிக் கொடுத்திருக்கிறேன்! ஒன்று காற்றைத் தள்ள, மற்றது இழுக்கிறது. நடுவில் இருப்பவருக்குக் குரலே இல்லை. உடனே சரிசெய்தேனா? இல்லை. அத்தையின் முன்னால் மண்டியிட்டு, "கோபமில்லீங்க அத்தை, இது அலைகளோட குறுக்கீட்டு விளைவு" என்று ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, பாடம் போதுமுங்க" என்று மனைவி ஒரு ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மெசேஜை மறுபடி போட்டாள்.

"அம்மணி, நாளைக்கு ஊட்டுக்கு வந்துருவேன். நீ அழுகாம சாப்புடு."

அத்தை முகத்தை மூடிக்கொண்டார். நான் பந்தலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

இப்போதெல்லாம் விசேஷ வீடுகளில் அத்தைதான் இந்தக் கதையைச் சொல்கிறார். "உசுரோட இருக்கறப்ப அவரு வாயை அடைக்க என்னாலயே முடியல கண்ணு. செத்த பொறவு மாப்ள அடைச்சுப்போட்டாரு!" எல்லோரும் சிரிப்பார்கள், அத்தையும் சிரிப்பார். அப்புறம் என் மனைவியின் போனை வாங்கி, காதோடு ஒட்டி வைத்துக்கொள்வார்.