செல்லாத தாய்மாமன்

“அப்ப என் பேரு செல்லாதுங்கறீங்க?”

போனில் சாமிக்கண்ணுவின் குரல் நிதானமாகத்தான் இருந்தது. அறிவழகன் பயந்ததே அந்த நிதானத்துக்குத்தான். சாமிக்கண்ணு சாமானிய ஆளில்லை. காடாம்புலியூரில் முந்திரி வியாபாரி. அறிவழகன் கட்டிக்கொள்ளப் போகும் இளமதிக்குத் தாய்மாமன். அடுத்த மாதம் சிதம்பரத்தில் கல்யாணம். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் அந்த வீட்டுப் பெண்கள் மணையில் உட்காருவதில்லை.

“நான் சொல்லலீங்க மாமா. கம்ப்யூட்டர்தான்...”

“கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?”

சொல்லிக் கொடுத்தது அறிவழகனேதான்.

எல்லாம் மாமனார் உத்திராபதி ஆரம்பித்து வைத்தது. “மாப்ள, நீங்கதான் கடலூர்ல வெப்சைட்டு பண்றீங்களே, நம்ம கல்யாணத்துக்கும் ஒண்ணு போடுங்க. வீட்டுக்கு எத்தன பேரு வராங்கன்னு அவுங்களே ஃபாரம் நெரப்பட்டும். பந்திக்குக் கணக்கு தெரியும்” என்றார். வருங்கால மாமனார் வாய்விட்டுக் கேட்ட முதல் உதவி. முடியாது என்று சொல்லிவிட்டு எந்த முகத்தோடு தாலி கட்டுவது?

உட்கார்ந்த இடத்தில் எழுதி முடித்தான். ஃபாரத்தைக் காட்டுவது, நிரப்பியதைச் சரிபார்ப்பது, சேமிப்பது, பதில் சொல்வது, எல்லாம் ஒரே பிஎச்பி புரோகிராம் ஃபைலுக்குள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. பெயரில் எழுத்தைத் தவிர வேறெதுவும் வரக்கூடாது என்று அதில் ஒரு நிபந்தனை. சாமிக்கண்ணு தன் இனிஷியலுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தார். ‘உங்கள் பெயர் செல்லாது’ என்று சிவப்பு எழுத்தில் வந்துவிட்டது.

“இப்பவே எடுத்துடறேன் மாமா” என்று அந்த நிபந்தனையைப் பிடுங்கி எறிந்தான். பின்னிக் கிடந்த ஃபைலாயிற்றே, அதோடு சேர்ந்து ‘பதிவாகிவிட்டது, நன்றி’ என்கிற வரியும் போய்விட்டது. சாமிக்கண்ணு பட்டனை அமுக்கினார். நன்றியைக் காணோம். நிரப்பிய ஃபாரமே திரும்ப வந்து நின்றது. பொறுமைசாலி, மறுபடி அமுக்கினார். காப்பி வரும்வரை அமுக்கிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு அமுக்கலுக்கும் அவர் குடும்பம் புதிதாகப் பதிவானது.

மறுநாள் மறுபடி போன்.

“நாங்க வரதே ஆறு பேரு. முன்னூறு பேரு வரோம்னு ஒங்க லிஸ்ட்ல இருக்காமே? ஓசிச் சோத்துக்கு அலையறவன்னு நெனச்சிட்டீங்களா மாப்ள?”

“ஐயோ மாமா! ஒரு போன் நம்பருக்கு ஒரு தடவதான்னு இப்பவே மாத்திடறேன்.”

மாற்றினான். சாமிக்கண்ணுவும் அவர் தம்பியும் கூட்டுக் குடும்பம், வீட்டுக்கு ஒரே லேண்ட்லைன். தம்பி மனைவி அமராவதி தன் பிறந்த வீட்டாரைச் சேர்க்க ஆசையாக உட்கார்ந்து அதே நம்பரைப் போட்டாள். கம்ப்யூட்டர் அவளிடம், ‘நீங்கள் ஏற்கெனவே வந்துவிட்டீர்கள். மீண்டும் வர வேண்டாம்’ என்றது.

இந்தத் தடவை பேசியது இளமதி.

“என்னத்த எழுதித் தொலச்சிருக்கீங்க? எங்க சின்ன அத்தை அழுவுறாங்க. மாமா மாலை எடுத்துக் குடுக்க மாட்டேன்னுட்டாரு.”

“இளமதி, அது வந்து...”

“வந்துமில்ல போயுமில்ல. எனக்கு இந்தக் கல்யாணம் நடக்கணும். அத சரி பண்ணுங்க.”

அவள் குரல் கடைசியில் உடைந்துவிட்டது. அறிவழகனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

முதல் வேலையாகப் பழைய ஃபைலைத் தூக்கிப் போட்டான். ஃபாரத்தைக் காட்ட ஒரு ஃபைல், சரிபார்க்க ஒரு ஃபைல், சேமிக்க ஒரு ஃபைல். ஒன்றின் வேலையில் இன்னொன்று தலையிடாது. அமுக்கியதும் நன்றி சொல்லும் பக்கத்துக்குப் போய்விடும், பிறகு எத்தனை தரம் அமுக்கினாலும் சேராது. ஒரு நம்பருக்கு ஒரு தடவைதான் என்கிற நிபந்தனையையும் எடுத்துவிட்டான். பிழைச் செய்திகளை ‘தயவுசெய்து’ என்று ஆரம்பித்து ‘மன்னிக்கவும்’ என்று முடித்தான். பண்ருட்டி பஸ் பிடித்து, காடாம்புலியூருக்கே போய் சாமிக்கண்ணுவின் பக்கத்தில் கைகட்டி நின்றான்.

சாமிக்கண்ணு புள்ளி வைத்துப் பார்த்தார். இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தார். அமராவதி அதே நம்பரைப் போட்டாள். கம்ப்யூட்டர் எல்லோருக்கும் நன்றி சொன்னது.

“கொற சொல்ல ஒண்ணுமே இல்லியே” என்றார் சாமிக்கண்ணு. குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. “சரி, மாலைய நானே எடுத்தாரேன்.”

அறிவழகன் நேரே சிதம்பரத்தில் மாமனார் வீட்டுக்கு ஓடினான்.

“மாமா, எல்லாம் சரியாயிடுச்சு!”

உத்திராபதி பேப்பரை மடித்து வைத்தார். “எல்லாமேவா?”

“ஆமா மாமா. ஒரு தப்பு கெடையாது.”

“சாமிக்கண்ணு கோவம்?”

“சுத்தமா போயிடுச்சு. சிரிச்சிக்கிட்டே வழியனுப்புனாரு.”

உத்திராபதி நாற்காலியில் அப்படியே சரிந்தார். “தில்ல, கேட்டியா இந்தக் கூத்த?” என்று சமையலறைப் பக்கம் ஈனசுரத்தில் குரல் கொடுத்தார்.

மாமியார் தில்லையம்மாள் காப்பியோடு வந்து, அறிவழகனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“ஒரு கல்யாணம் முடியறவரைக்கும் எதுக்காவது கோச்சிக்கிட்டே இருக்காம எங்க அண்ணனுக்கு ஆவாது தம்பி, தாலி கட்டற நேரத்துல கோச்சிக்கறத இப்பவே கம்ப்யூட்டர்கிட்ட கோச்சிக்கட்டும்னுதான் இவுரு ஒங்கள ஃபாரமே போடச் சொன்னாரு!”