பதினோராவது தட்டில் ஏறிய ஜப்பான் பதக்கம்

அன்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி திரு. மகேந்திரன் அவர்களுக்கு,

குனோங் ராபாட்டிலிருந்து பத்துமலை கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் குமுதாவும் மகன் ரூபனும் சுகம். அங்கே கமுந்திங்கில் நீங்களும் தங்கச்சியும் மருமகள் சாந்தினியும், என்மேல் இருக்கும் கோபத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நலமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய பதினாறு செய்திகளுக்கும் நீலக் கோடு விழுந்தும் பதில் வரவில்லை. தபால்காரர் நீட்டினால் வாங்காமல் இருக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். பரிசம் முடிந்து வாசலில் நின்று, "கல்யாணத் தேதிய அப்புறம் பேசலாம்" என்று நீங்கள் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ரூபன் நாலு நாளாக என்னோடு பேசுவதில்லை. நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, "அம்மா, அந்த உப்ப இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க" என்கிறான்.

நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. என்னைப் போன்றவர்கள் சிலர் கோப்பிக்கடையில் உட்காருகிறார்கள், சிலர் கோயில் கமிட்டியில் சண்டை போடுகிறார்கள். நான் பழைய ஜப்பான் பதக்கங்களும் பேட்ஜுகளும் சேர்க்கிறேன். ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் ஒன்று கையில் கிடைத்தது, அதோடு பிடித்துக்கொண்டது. அதில் நம்முடைய வருடம் எழுதியிருக்காது. அவர்கள் ராஜா பட்டத்துக்கு வந்து எத்தனையாவது வருடம் என்றுதான் இருக்கும். ஷோவா ராஜா காலத்து எண்ணாக இருந்தால் இருபத்தைந்தைக் கூட்ட வேண்டும், நம் வருடத்தின் கடைசி இரண்டு எண் வந்துவிடும். முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படித்தவன் நான். சின்ன எண்ணைப் பார்த்தால் படிக்காமல் நகர முடியாது. சம்பந்தி, மனசில் உள்ளதைச் சொன்னால், இந்த மூன்று வருடம்போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை. இதைச் சொல்லவேண்டிய இடம் இதுவல்ல என்று குமுதா பின்னால் நின்று சொல்கிறாள்.

பரிசத்துக்குப் பதினோரு தட்டு கட்டிக்கொண்டுதான் கிளம்பினோம். டோல் கேட்டில் முன்னால் போன லாரி திடீரென்று நிற்க, நானும் பிரேக்கை மிதிக்க, கேக் தட்டு பறந்து ரூபனின் பட்டுச் சட்டையில் உட்கார்ந்தது. மிச்சம் பத்து. பரிசத்துக்கு இரட்டைப்படையில் தட்டு கொண்டுபோனால் என் தங்கை மாரியம்மா உயிரோடு வீடு திரும்ப மாட்டாள். உங்கள் வாசலில் வந்து இறங்கியதும் காரின் பின்கதவைத் திறந்து தேடியிருக்கிறாள். அங்கே ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது, வழவழவென்று, பொன் எழுத்தோடு. அண்ணன் கடைசி நிமிடத்தில் மருமகளுக்கு ரகசியமாக நகை வாங்கியிருக்கிறார் என்று அவளாக முடிவுகட்டி, வெற்றிலையைப் பரப்பி, பெட்டியை அதன்மேல் வைத்து, பூவைச் சுற்றிப் பதினோராவது தட்டாக ஏந்திக்கொண்டு வந்துவிட்டாள். அந்தப் பெட்டியில் இருந்தது என்னுடைய ஜப்பான் செஞ்சிலுவைச் சங்கப் பதக்கம். சாப்பாடு முடிந்து தைப்பிங்கில் இருக்கும் நண்பர் லியோங்கிடம் காட்டி, எந்த வருடத்தது என்று உறுதி செய்துகொள்வதற்காக வைத்திருந்தேன். லியோங்குக்கு அந்த எழுத்துகள் படிக்கத் தெரியும்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். சாந்தினியின் தாய்மாமன் தர்மேந்திரன் ஒவ்வொரு தட்டாகத் திறந்து சபைக்கு அறிவித்துக்கொண்டே வந்து, "பதினோராவது தட்டு, நகை!" என்று தூக்கிக் காட்டினார். ரிப்பன் தொங்கியது. சிலிபினிலிருந்து வந்திருந்த உங்கள் அத்தை கருப்பம்மாள், "என்னாது அது?" என்று கேட்டார். நான் அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. ஏதோ பரிசு வாங்கிய பள்ளிப் பிள்ளையைப்போல எழுந்து நின்று, "ஜப்பான்காரன் மெடல் லா, அத்தே!" என்றேன்.

"எங்கப்பன சயாம் ரயிலு போட ஏத்திட்டுப் போனவன் மெடலா? போனவரு திரும்பி வரவே இல்ல. அத வெத்தல மேல வச்சி பரிசம் போட வந்திருக்கியா நீ?"

"இல்லத்தே, இது சண்டைக்கு ரொம்ப முந்தி! பின்னால வருசம் இருக்கு. மெய்ஜி ராஜா காலத்து இருபத்தொண்ணு, ஆயிரத்து எண்ணூத்தி எம்பத்தெட்டு. உங்கப்பா அப்ப பொறக்கவே இல்ல!"

ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தேன். அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, பிரியாணியைத் தொடாமல் போய்விட்டார். அவர் பின்னால் முப்பது பேர் எழுந்தார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அன்று தைப்பிங்கில் லியோங் பெட்டியைத் திறந்து, பதக்கத்தைக் கையில் போட்டுப் பார்த்து, சிரித்தார். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "பத்து, இந்த மெடல் எதை எடுத்தாலும் பின்னால இதே வருசம்தான் இருக்கும். அது மெடலை ஆரம்பிச்ச வருசம், செஞ்ச வருசம் இல்ல. எடையைப் பாரு, வெள்ளியா இது? அலுமினியம். சண்டைக் காலத்துல வெள்ளி கிடைக்காம செஞ்சது." தப்பாகப் படித்த மீட்டரை மறுநாளே போய்த் திருத்தி எழுதுவது என் பழக்கம். ஆகவே சம்பந்தி, 1888 என்று சபையில் நான் சொன்னது தவறு. அத்தை சொன்னதுதான் சரி. பதக்கம் சண்டைக் காலத்தது. "மன்னிப்புக் கேக்கறீங்களா, எரியறதுல எண்ணெ ஊத்தறீங்களா?" என்கிறாள் குமுதா. ரிப்பன் முடிச்சு போட்டதாக இருப்பதால் அது ஒரு பெண்ணுக்குக் கொடுத்தது என்றும், சங்கத்துக்குச் சந்தா கட்டிய யாரோ ஒரு அம்மாவாக இருக்கலாம் என்றும் லியோங் சொன்னார். இதை உங்கள் அத்தையிடம் சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன்.

என் கிறுக்குக்காக அந்தப் பிள்ளைகள் இரண்டும் பிரியக்கூடாது. சேர்த்த அத்தனையையும் பிஸ்கட் டின்னில் போட்டுக் குமுதாவிடம் ஒப்படைத்துவிட்டேன். அவள் அதை அலமாரியின் உச்சியில் ஏற்றிவிட்டாள். இனி சந்தைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். ஜப்பான் என்ற சொல் என் வாயில் வராது. குமுதாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்யப் போனேன், அவள் தலையை நகர்த்திக்கொண்டாள், ஆனாலும் சத்தியம் சத்தியம்தான். அத்தையின் காலில் விழவும் தயார். முட்டி வலி இருப்பதால் எழுந்திருக்க மட்டும் யாராவது கைகொடுக்க வேண்டும். தயவுசெய்து கல்யாணத்தை நிறுத்திவிடாதீர்கள்.

தங்கச்சிக்கு எங்கள் வணக்கம். சாந்தினிக்கு மாமனார் மாமியாரின் ஆசிகள், தீர்க்காயுசாக இருக்கட்டும். தர்மேந்திரன் அண்ணனுக்கு அன்பும், அவர் கையில் அந்தப் பெட்டியைத் தூக்கவைத்ததற்கு வருத்தமும்.

தங்கள் உண்மையுள்ள சம்பந்தி,
பத்துமலை

பி.கு.: இதை மடித்து உறையில் போடும்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியது உங்கள் அத்தை. குமுதா அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, தீப்பெட்டி அளவில் ஒரு தகர வில்லையை மேசைமேல் வைத்தார். "எங்கப்பனோட சயாமுக்குப் போயி திரும்பி வந்த ஒருத்தரு எங்கம்மா கையில குடுத்தது. அப்பன் கழுத்துல கெடந்ததாம். இத்தன வருசமா படிக்க ஆள் இல்ல. படி. தப்பா படிச்சே, பாத்துக்க" என்றார். படமெடுத்து லியோங்குக்கு அனுப்பி, அவரும் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தேன். இதில் வருடம் அச்சில் வார்த்தது இல்லை, கூலிக்கு அடையாள வில்லையைக் கொடுத்த அன்று ஆணியால் குத்தியது. ஷோவா பதினெட்டு, ஒன்பதாம் மாதம். அதாவது 1943 செப்டம்பர்.

அத்தை விரல்விட்டு மாதங்களை எண்ணினார். பிறகு, "நான் பொறந்தது அந்த வருசம் ஆறாம் மாசம். பொறந்த சூராட்டுல எழுதியிருக்கு. ஒம்பதாம் மாசம் எங்கப்பன் உசுரோட இருந்தாரா?" என்று கேட்டார். "இருந்தாரு அத்தே" என்றேன். பிறந்த அன்றே அப்பனை முழுங்கியவள் என்று தோட்டத்து லயத்தில் எல்லோரும் சொல்லிச் சொல்லி, இந்த வயதுவரை எந்தக் கல்யாணத்திலும் மணவறைப் பக்கம் போனதில்லையாம்.

ஆகவே சம்பந்தி, கல்யாணத்தை நிறுத்தாதீர்கள் என்று நான் கெஞ்சிய பகுதியை விட்டுவிடலாம், தேதியை அத்தையே குறித்துவிட்டார். ஜப்பான் சாமானைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்த பகுதியையும் அடித்துவிடவும். குமுதாவே நாற்காலி போட்டு ஏறி டின்னை இறக்கிவிட்டாள். அத்தையை அழைத்துப்போக அவசரப்பட்டு வரவேண்டாம். மூன்றாவது தோசை சாப்பிடுகிறார். ஒவ்வொரு தோசைக்கும் ஒரு தடவை குமுதாவைக் கூப்பிட்டு, "நான் யாரையும் முழுங்கலடி" என்கிறார்.